டம்டம் ஊரின் இரண்டு தோட்டாக்கள்

கல்கத்தா நகருக்கு வடக்கே டம்டம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்கத்தா விமான நிலையம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். விமானத்தில் அங்கே போய் இறங்கிய பலருக்கும் அந்தப் பெயரின் இன்னொரு பொருள் தெரிந்திராது. உலகத்து யுத்தச் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் டம்டம் என்றால் ஊரைச் சொல்வதில்லை. ஒரு துப்பாக்கிக் குண்டைச் சொல்லுகிறார்கள். அந்த ஊரிலிருந்து ஒன்றல்ல, இரண்டு தோட்டாக்கள் சரித்திரத்திற்குள் நுழைந்தன. முதல் தோட்டா ஒரு பெரும் கிளர்ச்சிக்குத் திரியாக அமைந்தது. இரண்டாவது தோட்டாவால் ஒரு சர்வதேசத் தடையே பிறந்தது. இரண்டின் கதையையும் இன்று பார்ப்போம்.

முதலில் தோட்டா என்றால் என்ன? துப்பாக்கியிலிருந்து பாய்ந்து செல்லும் ஈயத் துண்டைக் குண்டு என்கிறோம். தோட்டா என்பது குண்டு மட்டும் அன்று. இக்காலத் தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. ஒன்று பித்தளைக் கூடு. இரண்டு, கூட்டுக்குள் இருக்கும் வெடிமருந்து. மூன்று, கூட்டின் வாயில் செருகியிருக்கும் குண்டு. நான்கு, கூட்டின் அடியில் இருக்கும் சிறிய கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் தட்டி வெடிக்கிறார்களே பொட்டு வெடி, அதைப் போன்றதுதான் இந்தக் கேப்பும். துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தட்டுகிறது. கேப்பில் பொறி பறக்கிறது. பொறியால் மருந்து பற்றுகிறது. மருந்து எரிந்து எழும் புகையின் வேகம் குண்டைத் தள்ளுகிறது. கூடு மட்டும் பின்தங்கி விடுகிறது.

ஆனால் 1857ஆம் ஆண்டில் இந்தப் பித்தளைக் கூடு கிடையாது. அன்றைய தோட்டா வெறும் காகிதச் சுருள். அதில் ஒரு பக்கம் குண்டும் மறுபக்கம் கருமருந்தும் இருக்கும். சிப்பாய் அந்தக் காகிதத்தின் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைத் துப்பாக்கிக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, பிறகு காகிதம் சுற்றிய குண்டை உள்ளே வைத்து, நீண்ட கம்பியால் இடித்து இறக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்துக்கு என்ஃபீல்டு என்ற புதுத் துப்பாக்கி வந்தது. அதன் குழலுக்குள் திருகு வரிகள் இருந்தன. அதனால் குண்டு சுழன்று கொண்டு நெடுந்தூரம் குறி தவறாமல் சென்றது. வரிகளுக்குள் குண்டு எளிதாக இறங்கவேண்டும் என்பதற்காகக் காகிதத்தின் மேல் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசினார்கள். எந்தப் பிராணியின் கொழுப்பு? அதைக் கவனித்துப் பார்த்து வாங்க எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. அதிகாரிகளே பின்னால் இதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

புதுத் துப்பாக்கியைப் பழக்கும் பள்ளி ஒன்று டம்டத்தில் இருந்தது. 1857 ஜனவரியில் அங்கே ஒரு சம்பவம் நடந்தது. ஆயுதக் கிடங்கில் வேலை செய்த தொழிலாளி ஒருவர் தாகத்தோடு வந்து, ஒரு பிராமணச் சிப்பாயிடம், உங்கள் செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டார். சாதியைக் காட்டிச் சிப்பாய் மறுத்துவிட்டார். அப்போது அந்தத் தொழிலாளி, சீக்கிரத்தில் உங்கள் சாதியும் போகப்போகிறது, பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசிய தோட்டாவை நீங்கள் வாயால் கடிக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டார். ஜனவரி மாதம் முடிவதற்குள் இந்தப் பேச்சு அதிகாரிகளின் காதுக்கும் எட்டி, எழுத்திலும் பதிவாகிவிட்டது.

நேயர்களே, இந்தக் கதையைச் சொல்பவர்கள் சிப்பாயின் சாதியைப் பற்றி நிறையச் சொல்லுவார்கள். தாகத்தோடு வந்தவரின் பெயரை அன்றைய அதிகாரிகள் எழுதி வைக்கவில்லை. தண்ணீர் கிடைக்காமல் திரும்பிய அந்த மனிதரின் ஒரு சொல்தான் ஒரு பேரரசையே ஆட்டி வைத்த செய்தியாயிற்று என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

பசு இந்துவுக்குப் புனிதம். பன்றி முஸ்லிமுக்கு விலக்கு. ஆகவே, இரு சமயத்தாரும் ஒருசேர மனம் கலங்கினார்கள். ஜனவரி மாதக் கடைசியிலேயே அரசாங்கம் இறங்கி வந்தது. கொழுப்புப் பூசாத தோட்டாக்களைத் தருகிறோம், நீங்களே உங்களுக்கு ஏற்ற எண்ணெயைப் பூசிக்கொள்ளலாம் என்றது. வாயால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் பின்னர் விதியை மாற்றியது. ஆனால் சந்தேகம் என்பது ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் உத்தரவு போட்டு அதை வெளியேற்ற முடியாது. காகிதம் ஏன் இப்படிப் பளபளக்கிறது, அதிலும் கொழுப்பு இருக்கிறதோ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பிப்ரவரி 26ஆம் தேதி பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டாவை ஏற்க மறுத்தது. மார்ச் 29ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே என்ற சிப்பாய் அதிகாரிகளைத் தாக்கினார். ஏப்ரல் 8ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி மீரட்டில் குதிரைப்படை வீரர் 90 பேரை அணிவகுக்கச் செய்து தோட்டாவைக் கொடுத்தபோது 85 பேர் வாங்க மறுத்தார்கள். இத்தனைக்கும் அன்று கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. மே 9ஆம் தேதி, மற்றப் படையினரின் கண் முன்னாலேயே, அந்த 85 பேரின் சீருடைகளையும் பறித்துக் கால்களில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மே 10ஆம் தேதி மீரட் கொதித்தெழுந்தது.

தோட்டா ஒன்றுதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். 1856இல் அயோத்தி ராஜ்யத்தைக் கம்பெனி பறித்துக்கொண்டது. கடல் கடந்தும் சென்று போரிடச் சம்மதிக்கவேண்டும் என்று புதுச் சிப்பாய்களுக்கு அதே ஆண்டில் சட்டம் வந்தது. வரி, நிலம், சம்பளம் என்று பல குறைகள் சேர்ந்திருந்தன. காய்ந்த விறகு குவிந்து கிடந்தது. தோட்டா அதில் தீக்குச்சி. தமிழர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 51 ஆண்டுகளுக்கு முன்பே, 1806 ஜூலை 10ஆம் தேதி, நமது வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அங்கே சிக்கல் புதுத் தலைப்பாகையிலும் அதில் செருகிய தோல் சின்னத்திலும் தொடங்கியது. வாயில் வைப்பதையும் தலையில் சூடுவதையும் அந்த மனிதனைக் கேளாமல் தீர்மானித்த தவறுதான் இரண்டு இடத்திலும் நடந்தது.

இனி இரண்டாவது தோட்டாவுக்கு வருவோம். அதற்கு முன் காகிதம் பித்தளையாக மாறிய கதையைச் சுருக்கமாகக் கேளுங்கள்.

1866ஆம் ஆண்டு வாக்கில் இருவர் உலோகத் தோட்டாவுக்கு இரண்டு வகைக் கேப்பு அமைப்புகளைக் கண்டார்கள். ஒருவர் ஆங்கிலேயரான கர்னல் பாக்ஸர். மற்றவர் அமெரிக்கரான பெர்டன். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே துளை. வெடித்து முடிந்த கேப்பை ஒரு கம்பியை விட்டுத் தள்ளி வெளியேற்றிவிடலாம். பெர்டன் முறையில் ஓரமாக இரண்டு சிறு துளைகள். பழைய கேப்பை நோண்டித்தான் எடுக்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் கண்டது ஐரோப்பியப் பட்டாளங்களில் பரவியது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பித்தளைக் கூடு விலையுள்ள பொருள். சுட்டபின் அது அழிந்துவிடுவதில்லை. அதைப் பொறுக்கி எடுத்துப் புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் அடைத்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் அப்போதே பிறந்தது. காசு போட்டு வாங்கும் வேட்டைக்காரர் கூட்டைப் பத்திரப்படுத்துவார். பட்டாளம் அப்படிச் செய்யாது. சண்டைக் களத்தில் குனிந்து கூடு பொறுக்க நேரம் ஏது? ஆகவே, பட்டாளத்துத் தோட்டா ஒரே ஒரு தடவைக்கென்று செய்யப்பட்டது. மழையில் நனைந்தாலும், சேற்றில் விழுந்தாலும், இயந்திரத் துப்பாக்கியில் உலுக்கப்பட்டாலும் அது வெடிக்கவேண்டும். அதற்காகக் கேப்பைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கினார்கள். சிலவற்றில் கூட்டின் சுவரையும் தடிப்பாக்கினார்கள்.

இதனால் ஓர் ஆபத்து உண்டாயிற்று. பட்டாளத்துக் கூடும் கடைத் தோட்டாவின் கூடும் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். 1952இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 308 வேட்டைத் தோட்டாவும், 1954இல் நேட்டோ நாடுகள் ஏற்ற 7.62 மில்லிமீட்டர் பட்டாளத் தோட்டாவும் அப்படிப்பட்டவை. பட்டாளத்துக் கூட்டின் சுவர் தடிப்பாக இருந்தால் உள்ளே இடம் குறையும். சிறிய பானையில் பெரிய பானைக்குரிய அரிசியைப் போட்டு மூடினால் என்ன ஆகும்? அதுபோல, கூட்டுக்குள் இடம் குறைந்தால் அதே அளவு மருந்துக்கும் அழுத்தம் ஏறும். வெளித்தோற்றத்தை நம்பியவர்களின் துப்பாக்கி கையிலேயே சிதறவும் கூடும்.

இன்னொரு கேடு பாதரசத்தால் வந்தது. பழைய கேப்புகளில் பாதரசம் கலந்த மருந்து இருந்தது. தங்கத்தில் பாதரசம் பட்டால் என்ன ஆகும் என்பது பொற்கொல்லர்களுக்குத் தெரியும். பித்தளைக்கும் அதே கதிதான். கூடு பார்ப்பதற்குப் புதிதாகவே இருக்கும். ஆனால் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கும். பாதரசத்தை விலக்கியபின் வந்த கேப்புகளின் கசடோ உப்பைப் போல் ஈரத்தை இழுத்து, துப்பாக்கிக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது.

காலிக் கூட்டை மறுபடி அடைக்கும் வித்தை அரசாங்கத்துக்கும் கவலை தந்தது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு ஆங்கிலேயச் சிப்பாய்களைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிகளையே கொடுத்து வந்தார்கள். மார்டினி-ஹென்றி என்ற பட்டாளத் துப்பாக்கி 450 அளவுக் குண்டைச் சுடும். அதே அளவில் வேட்டைத் தோட்டாக்களும் கடையில் விற்றன. அந்தக் குண்டுகளை எடுத்துப் பட்டாளத்துக் கூட்டில் அடைத்துக் கிளர்ச்சிக்காரர்கள் சுடக்கூடும் என்ற அச்சத்தால் 1907இல் இந்தியாவில் 450 அளவு வேட்டைத் துப்பாக்கிகளைத் தடுத்தார்கள். துப்பாக்கி செய்யும் லண்டன் கம்பெனிகள் உடனே 465, 470 என்று வேறு அளவுகளில் செய்து விற்கத் தொடங்கின.

சரி, டம்டத்துக்குத் திரும்புவோம். 1888இல் பிரிட்டிஷ் பட்டாளம் 303 துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. 'த்ரீ நாட் த்ரீ' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வகைதான். மலாயாவில் அவசர காலத்தில் தோட்டங்களைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் தோளில் தொங்கியதும் அந்தக் குடும்பத்துத் துப்பாக்கியே. மார்டினியின் குண்டு ஏறக்குறைய 31 கிராம் எடையுள்ள தடித்த ஈயம். 303இன் குண்டோ 14 கிராம். மெலிந்தது, வேகமானது, முழுவதும் கடினமான உலோக மேலுறை போர்த்தியது.

1895இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் சித்ரால் யுத்தம் நடந்தது. புதுக் குண்டு உடலில் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது, மலைவாசிகள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று பட்டாளத்தார் குறை கூறினார்கள். டம்டம் தோட்டா ஆலையின் தலைவராக இருந்த கேப்டன் பெர்டி-கிளே இதற்கு ஒரு வழி செய்தார். குண்டின் மூக்கில் மேலுறையைச் சிறிது குறைத்து, உள்ளே இருக்கும் ஈயம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வெளியே தெரியும்படி விட்டார். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்தச் சிறு மாற்றத்தால், உடலில் பட்டதும் குண்டின் மூக்கு மலர்ந்து விரிந்தது. காயமும் பெரிதாயிற்று. 1897இலும் 1898இலும் நடந்த திரா யுத்தத்தில் இதை எல்லைப்புற மலைவாசிகள் மீது பிரயோகித்தார்கள். அதே எண்ணத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட, மூக்கில் குழி உள்ள குண்டுகளை 1898இல் சூடானில் பயன்படுத்தினார்கள்.

ஐரோப்பாவில் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மனியில் அறுவை மருத்துவர் புரூன்ஸ் என்பவர் மூக்கில் ஈயம் தெரியும் குண்டுகளைச் சுட்டுச் சோதித்து, அவை உண்டாக்கும் கோரமான காயங்களைப் பற்றி எழுதினார். பிரிட்டிஷ் தரப்பு இதற்கு மறுப்புச் சொன்னது. அவர் சோதித்தது எங்கள் டம்டம் குண்டு அன்று, கடையில் கிடைக்கும் வேட்டைக் குண்டு. அதில் ஈயம் இன்னும் நீளமாக வெளியே தெரியும் என்றது. அந்த மறுப்பில் உண்மை இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வியும் கிளம்பிற்று. மிருகத்துக்கென்று செய்த குண்டுக்கும் மனிதனுக்கென்று செய்த குண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரியும் ஈயத்தின் நீளம் மட்டும்தானா?

1868லேயே ரஷ்யாவின் முயற்சியால் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள், 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகளை யுத்தத்தில் சுடுவதில்லை என்று உடன்பட்டிருந்தன. எதிரியைச் சண்டையிட முடியாமல் செய்தால் போதும், வேண்டாத வேதனையைக் கூட்டக்கூடாது என்பது அதன் தத்துவம். 1899இல் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் சமாதான மாநாடு கூடியபோது டம்டம் குண்டு விவாதத்துக்கு வந்தது.

பிரிட்டனின் சார்பில் சர் ஜான் ஆர்டா பேசினார். நாகரிகமடைந்த நாட்டுச் சிப்பாய் காயம்பட்டதும் போரை நிறுத்திவிடுவான், காட்டுமிராண்டியோ காயம்பட்டாலும் பாய்ந்து வருவான், அவனை நிறுத்த வலிய குண்டு தேவை என்பது அவர் வாதத்தின் சாரம். மற்ற நாடுகளின் பிரதிநிதிகள் இதை ஏற்கவில்லை. மனிதரில் இரு வகை பிரிக்க முடியாது என்றார்கள். வெள்ளையரின் உடலுக்கு ஒரு குண்டு, மலைவாசியின் உடலுக்கு வேறொரு குண்டு என்ற நியாயம் அந்தச் சபையில் எடுபடவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தும், 1899 ஜூலை 29ஆம் தேதி பிரகடனம் எழுதப்பட்டது. மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்று அது கூறியது.

ஆனால் அந்தப் பிரகடனத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளுக்கு இடையே நடக்கும் யுத்தத்தையே அது கட்டுப்படுத்தும். எந்த மலைவாசிகளைச் சுட்டதால் விவாதம் எழுந்ததோ, அவர்கள் மாநாட்டில் இல்லை; பிரகடனத்தின் பாதுகாப்பிலும் இல்லை. பிரிட்டன் 1907இல் பிரகடனத்தை ஏற்றது. 1910இல் அது கொண்டுவந்த கூர்மூக்குக் குண்டுக்கு முழு மேலுறை இருந்தது. ஆனால் மூக்குக்குள் ஈயத்துக்குப் பதில் இலேசான அலுமினியத்தை வைத்ததால், உடலுக்குள் போனதும் அது புரண்டு விழுந்தது. சட்டத்தின் எழுத்துக்கும் சட்டத்தின் மனசாட்சிக்கும் எவ்வளவு தூரம் என்பதை இதிலே காணலாம். எனினும் பிரகடனம் வீணாகிவிடவில்லை. 1998இல் எழுதப்பட்ட ரோம் சாசனம் இத்தகைய குண்டுகளைப் பிரயோகிப்பதைப் போர்க்குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2010இல் உள்நாட்டுப் போர்களுக்கும் அதை விரித்தார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பானது. யுத்தத்தில் விலக்கப்பட்ட அதே மலரும் குண்டு வேட்டையில் கட்டாயமாகியிருக்கிறது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுவதானால் மென்மூக்கு அல்லது குழிமூக்குக் குண்டையே பயன்படுத்தவேண்டும் என்கிறது. மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடி நாள்கணக்கில் துடிக்காமல் உடனே சாகவேண்டும் என்பது காரணம். காயம்பட்ட மனிதனோ சிகிச்சை பெற்று வீடு திரும்பவேண்டியவன். அவனைச் சண்டையிலிருந்து விலக்கினால் போதும். ஆக, பட்டாளத்துத் தோட்டாவுக்கும் கடைத் தோட்டாவுக்கும் பெரிய வித்தியாசம் பித்தளையில் இல்லை. எதிரே நிற்பவன் பிழைக்கவேண்டியவன் என்ற நினைப்பில் இருக்கிறது.

நேயர்களே, இது நமக்குத் தூரத்து விஷயம் அன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், அனுமதியின்றித் தோட்டா வைத்திருந்தாலே மரண தண்டனை என்று சட்டம் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பித்தளைக்கு அன்று ஓர் உயிரின் எடை இருந்தது.

ஜப்பானியர் கால யுத்தமும் அவசர காலமும் நம் மண்ணில் விட்டுச்சென்றவை இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மறுநடவுக்கு மண்ணைத் தோண்டும்போதோ, ஆற்றங்கரையிலோ பச்சை பூத்த பித்தளை ஏதேனும் தென்பட்டால் கையில் எடுக்காதீர்கள். காலிக் கூடுதானே என்று பிள்ளைகள் தட்டிப் பார்க்க விடாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். எத்தனை வருஷம் மண்ணில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து உறங்குமேயொழியச் செத்துவிட்டது என்று நம்ப முடியாது.

டம்டத்தின் முதல் தோட்டாவை வாயில் வைக்கச் சொன்னவர்கள், வைக்க வேண்டியவனைக் கேட்கவில்லை. இரண்டாவது தோட்டாவைச் செய்தவர்கள், அதன் எதிரில் நிற்பவனைத் தங்களைப் போன்ற மனிதனாக எண்ணவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்த அந்தத் தொழிலாளியையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் ஒரே ஊரின் கதைகள் மட்டுமல்ல, ஒரே குற்றத்தின் கதைகள்.